காப்புநகல் எடுத்தீர்கள், சரி… கழற்றிவிட்டீர்களா?

ஆசிரியர் நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இன்று ஒரு கேள்வி. உங்கள் கணினியில் உள்ள கோப்புகளுக்குக் காப்புநகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் கூடும்போதெல்லாம் இதைக் கேட்பது என் வழக்கம். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் “எடுத்திருக்கிறேன்” என்பார்கள். மகிழ்ச்சியான செய்திதான். உடனே அடுத்த கேள்வியைக் கேட்பேன். “அந்த நகல் இப்போது எங்கே இருக்கிறது?” பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். “கணினியோடுதான் இணைந்திருக்கிறது, ஐயா!”

அந்த விடைதான் இன்று என்னை எழுத வைத்திருக்கிறது. நகல் எடுத்து முடிந்ததும் அந்த வட்டு கணினியிலிருந்து தானாகவே கழன்றுகொள்ள வேண்டும். அதற்கான ஏற்பாட்டை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வீடும் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இது கணினி வல்லுநர்களின் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

பட்டறிவு

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அப்போது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்தது. தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. கிள்ளான் வட்டாரத்தில் நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு பிணைய வட்டு இருந்தது. பிணைய வட்டு என்பது வேறொன்றுமில்லை. ஒரே கணினியோடு மட்டும் இணையாமல், அறையிலுள்ள எல்லாக் கணினிகளும் வலையமைப்பின் வழியாகப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சேமிப்புப் பெட்டி. நெட்வொர்க் டிரைவ் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். என் கணினியில் அது ‘இசட்’ என்ற எழுத்தோடு எப்போதும் தெரியும். நாள்தோறும் பிற்பகல் 2 மணிக்கு என் கோப்புகளின் நகல் அதில் தானாகப் போய்ச் சேரும். அதை அமைத்துக் கொடுத்தவனும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியே அச்செடுத்துவிட்டுக் கொண்டுவந்த ஒரு விரலியை என் கணினியில் செருகினேன். சிறிது நேரத்தில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. பயிற்சித்தாள்கள் திறக்கவில்லை. படங்கள் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்று திரையில் ஓர் அறிவிப்பு. நான் பதறவில்லை. “நகல்தான் இருக்கிறதே!” என்று ‘இசட்’ வட்டைத் திறந்தேன். அங்கேயும் அதே கதி! என் கணினியால் எழுத முடிந்த இடத்திலெல்லாம் அந்தத் தீநிரலாலும் எழுத முடிந்திருக்கிறது. அசலைப் பூட்டிய கையோடு நகலையும் பூட்டிவிட்டது.

ஒன்பது ஆண்டுத் தேர்வுத்தாள்கள் போயின. அவற்றை நண்பர்களிடம் கேட்டும் மீண்டும் தட்டச்சு செய்தும் ஓரளவு ஈடுகட்டினோம். ஈடுகட்ட முடியாத ஒன்றும் அதில் இருந்தது. பள்ளியின் ஆண்டு மலருக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் எடுத்த ஒலிப்பதிவுகள். பதினான்கு பேர் பேசியிருந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, பால்மரம் சீவியது, தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்து வீட்டைக் காலி செய்தது என்று அவர்கள் வாழ்க்கை முழுவதும் அதில் இருந்தது. ஒரு பாட்டி தாம் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டையும் பாடியிருந்தார்.

அடுத்த ஆண்டு அந்தப் பாட்டி காலமானார். கருமக்கிரியை முடிந்த சில நாளில் அவருடைய மகள் பள்ளிக்கு வந்தார். “சார், அம்மா பாடுன அந்த ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்குல்ல? ஒரு தடவ கேக்கணும்” என்றார். என்ன சொல்வது? “இருந்தது, அம்மா” என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

கோளாறு எங்கே?

நான் நகல் எடுக்கத் தவறவில்லை; ஒருநாள்கூடத் தவறவில்லை. அந்த நகலை அசலோடு கட்டிப்போட்டு வைத்ததுதான் என் தவறு. வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து, அதையும் அதே சாவிக்கொத்தில் கோத்து வைத்துக்கொள்பவரைப் பார்த்தால் நாம் சிரிக்க மாட்டோமா? கொத்து தொலைந்தால் இரண்டும் சேர்ந்துதானே தொலையும்? கணினி விஷயத்தில் நம்மில் பலர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அன்று. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் பணப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. கணினியோடு இணைந்திருந்த வட்டுகளையும் அது விட்டுவைக்கவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது என்பதுதான் வருத்தம். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற இன்னொன்று வந்தது. அது இணையத்திற்குத் திறந்து விடப்பட்டிருந்த கியூநேப் சேமிப்புப் பெட்டிகளையே நேரடியாகத் தாக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் 0.03 பிட்காயின் கேட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மார்ச்சில் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனத்தின் கணினி அமைப்பைத் தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டனர் என்றும், அதைத் தர மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராகிம் அறிவித்தார். விமான நிலையங்களை நடத்துபவர்களுக்கே இந்த நிலை என்றால், ஆசிரியர் அறையின் மூலையில் இருக்கும் நம் கணினி எம்மாத்திரம்?

ஏன் ‘தானாக’ கழல வேண்டும்?

“நகல் எடுத்து முடிந்ததும் ஆசிரியரே கழற்றிவிடலாமே, இதற்கு ஏன் ஓர் ஏற்பாடு?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நம் நாளை எண்ணிப் பாருங்கள். நகல் ஓடத் தொடங்கும்போது மணி அடிக்கும். வகுப்புக்கு ஓட வேண்டும். திரும்பி வந்தால் ஒரு பெற்றோர் காத்திருப்பார். அதன்பின் புறப்பாடம், கூட்டம், வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவு… ஐந்து மணிக்கு வீட்டுக்குப் புறப்படும்போது வட்டைக் கழற்றவில்லை என்ற நினைவு யாருக்கு வரும்? முதல் வாரம் கழற்றுவோம். இரண்டாம் வாரம் இரண்டு நாள் மறப்போம். மூன்றாம் வாரத்தில் அது நிலையாக அங்கேயே தங்கிவிடும்.

ஆசிரியரின் மறதியைக் குற்றமாகப் பேசுவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. மனிதனின் நினைவாற்றலை நம்பி அமைத்த பாதுகாப்பு ஒருநாள் தவறியே தீரும். மாணவர் வரவைப் பதிவு செய்வதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். கதவு பூட்டுவதற்குக் காவலர் வைத்திருக்கிறோம். வட்டைக் கழற்றுவதற்கும் கணினியையே காவலாக வைத்துவிட்டால் என்ன?

இன்னொரு நண்பர், இவர் கணினி பழுதுபார்ப்பவர், வேறு விதமாக மறுத்தார். “வட்டு எப்போதும் இணைந்திருந்தால்தானே நகல் தானாக எடுக்கப்படும்? கழற்றிவிட்டால் மறுநாள் யார் இணைப்பது?” இதுவும் நியாயமான ஐயம்தான். நகல் எடுக்க இணைப்பு வேண்டும். பாதுகாப்புக்கு இணைப்பு இருக்கக்கூடாது. நகல் தொடங்கும் நேரத்தில் கணினியே இணைக்கட்டும், முடிந்ததும் கணினியே கழற்றட்டும். நாள் முழுவதும் திறந்திருக்கும் கதவு அரை மணி நேரம் மட்டும் திறந்து மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்!

எப்படிச் செய்வது?

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையை வரிசைப்படுத்தித் தருகிறேன். விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு இது பொருந்தும்.

1. நகல் எடுப்பதற்கென்றே பிணைய வட்டில் தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். நாள்தோறும் நீங்கள் பயன்படுத்தும் கணக்குக்கு அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டாம்.

2. ‘நெட் யூஸ்’ என்னும் கட்டளை பிணைய வட்டை இணைக்கும். அதே கட்டளையோடு ‘டெலீட்’ என்று சேர்த்தால் வட்டைக் கழற்றிவிடும். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அழிவது இணைப்பு மட்டுமே. கோப்புகள் அப்படியே இருக்கும்.

3. இணை, நகலெடு, கழற்று என்ற மூன்று கட்டளைகளையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதி, ‘டாஸ்க் ஷெட்யூலர்’ வழியாகக் குறித்த நேரத்தில் ஓடும்படி வையுங்கள். பணம் கொடுத்து வாங்கும் காப்புநகல் மென்பொருள்கள் சிலவற்றில் ‘பணி முடிந்ததும் இதைச் செய்’ என்று கட்டளையிடும் வசதி உள்ளது. அதையும் பயன்படுத்தலாம்.

4. நகலெடுப்பு பாதியில் தோல்வியடைந்தாலும் கழற்றும் கட்டளை ஓட வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தோல்வியுற்ற நாளில்தான் கதவு திறந்தே கிடக்கும்.

5. வட்டிலுள்ள ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால் கழற்ற முடியாது என்று கணினி சொல்லும். அதை வலுக்கட்டாயமாகக் கழற்றாதீர்கள். முதலில் கோப்பை மூடுங்கள்.

6. பழைய நகலின்மேல் புதிய நகலை எழுதாதீர்கள். அசலில் அழிந்ததை நகலிலும் அழிக்கும் ‘மிர்ரர்’ முறை நமக்கு ஆகாது. சில நாள் முந்தைய நகல்களும் இருக்கட்டும். கோப்பு கெட்டது நமக்கு உடனே தெரிவதில்லை.

மேக் கணினி வைத்திருப்போருக்கு வேலை குறைவு. 2007இல் அறிமுகமான ‘டைம் மெஷின்’, பிணைய வட்டுக்கு நகலெடுக்கும்போது தானே இணைத்து, முடிந்ததும் தானே கழற்றிக்கொள்கிறது. ஆனால் நீங்களாகவே அந்த வட்டைத் திறந்து பார்த்து அப்படியே விட்டிருந்தால் அது இணைந்தே இருக்கும். யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வட்டை அது தானாகக் கழற்றுவதில்லை. திரையில் கழற்றிவிட்டு, கம்பியையும் நீங்கள்தான் உருவ வேண்டும். மாலையில் அடிக்கும் இடிமின்னல் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தொலைக்காட்சிகளை எரித்திருக்கிறது என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. கம்பி செருகியிருக்கும் வட்டையும் மின்னல் விட்டுவைக்காது.

இதுவும் முழுப் பாதுகாப்பு அன்று

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழற்றிவிட்டால் மட்டும் எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. கடவுச்சொல்லைக் கணினி நினைவில் வைத்திருந்தால், கழன்ற வட்டைத் தீநிரல் தானே தேடிப்போய்த் திறக்கவும் கூடும். முதல் கட்டளையில் நகலுக்கெனத் தனிக் கணக்கு வைக்கச் சொன்னது அதனால்தான். நகலெடுக்கும் அந்த அரை மணி நேரத்தில் தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். அதற்குத்தான் பழைய நகல்கள். சில சேமிப்புப் பெட்டிகள் கோப்புறையின் முந்தைய நிலைகளைத் தாமே பதிந்து வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் தாமே அணைந்து, குறித்த நேரத்தில் தாமே இயங்கும் வசதியும் அவற்றில் உண்டு. அணைந்து கிடக்கும் பெட்டியைத் தீநிரல் தொடுவது மிகக் கடினம்.

“எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே!” என்று கல்வி அமைச்சின் டெலிமா தளத்தைப் பயன்படுத்தும் இளம் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆயினும் கணினியோடு ஒத்திசைந்து இயங்கும் கோப்புறையில், இங்கே கெட்டது அங்கேயும் கெடும். இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அழித்த கோப்பு அங்குக் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். ஓய்வுபெறும்போதோ பள்ளியை விட்டு விலகும்போதோ உங்கள் கணக்கு என்னாகும் என்பதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் முன்னோர் வழி

பிரித்து வைத்ததால் பிழைத்தது என்பதற்குத் தமிழ் ஆசிரியர்களாகிய நமக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராக அலைந்து அவர் திரட்டிய சுவடிகள் ஒரே இடத்தில் இருந்தவை அல்ல. மடத்தில் ஒன்று, புலவர் வீட்டுப் பரணில் ஒன்று என்று பிரிந்து கிடந்தவை. ஓர் ஊரில் கறையான் தின்ற ஏட்டை இன்னோர் ஊரின் ஏடு ஈடுசெய்தது. படியெடுத்தவர்கள் எல்லாச் சுவடிகளையும் ஒரே அறையில் அடுக்கி வைத்திருந்தால், ஒரு நெருப்பு போதும்.

அந்த நெருப்பையும் நம் தலைமுறை கண்டது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. படி இல்லாதவை போனவை போனவைதாம். அந்த இழப்பையும் ஆசிரியர் அறையின் இழப்பையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. அது ஓர் இனத்தின் மீது இழைக்கப்பட்ட கொடுமை. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மட்டும் ஒன்றே. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போகும்.

நெருப்பு மட்டுமா? 2021 டிசம்பரில் வந்த வெள்ளத்தைக் கிள்ளான், ஷா ஆலாம் மக்கள் மறக்க முடியாது. தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. கணினியிலிருந்து கழற்றி, பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த வட்டு அந்த நீரில் என்னாகியிருக்கும்? தீநிரலிலிருந்து தப்பி வெள்ளத்தில் போயிருக்கும். ஆகவே ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க நிழற்பட வல்லுநர் தம் நூலில் இதை 3-2-1 என்று எளிதாக்கினார்: மூன்று படிகள், இருவகைச் சேமிப்புகள், ஒன்று வேறிடத்தில்.

எனது மூன்றாவது படி பிரிக்பீல்ட்சில் என் தமக்கையின் வீட்டில் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பேன். பையில் ஒரு வட்டு இருக்கும். அதைக் கொடுத்துவிட்டுச் சென்ற மாதம் கொடுத்த வட்டை வாங்கிக்கொள்வேன். அக்காள் கையால் ஒரு காப்பி. அத்தோடு மாதத்தின் வேலை முடிந்தது. மாணவர்களின் விவரங்கள் அதில் இருப்பதால் தலைமையாசிரியரின் அனுமதி பெற்றிருக்கிறேன். வட்டையும் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியிருக்கிறேன். இவ்விரண்டையும் மறவாதீர்கள்.

பள்ளிகளுக்கும் பெற்றோர்களுக்கும்…

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கணினிப் பொறுப்பாசிரியர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். நகல் எடுக்கப்பட்டதா, வட்டு கழன்றதா, மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை நகலிலிருந்து திறந்து பார்த்தோமா என்ற மூன்று கேள்விகளையும் ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள். திறந்து பார்க்காத நகல் இருக்கிறதென்று நம்புவதற்கில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒன்று. பள்ளிக்குப் புதிய கணினி வாங்கித் தருகிறீர்கள்; மிக்க நன்றி. அடுத்த முறை அதோடு இரண்டு வெளிவட்டுகளும் வாங்கித் தாருங்கள். திறப்புவிழாவில் அவற்றைக் காட்டிப் படமெடுக்க முடியாது. ஆனால் பத்தாண்டுகளுக்குப் பிறகு படங்களைக் காட்டுவதற்கு அவைதாம் இருக்கும்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். அவர் பேசியதையும் பாடியதையும் கைப்பேசியில் பதிந்து, கணினியில் சேர்த்து, நகலும் எடுத்திருப்பீர்கள். இன்றிரவு அந்தக் கணினியின் பின்புறம் சென்று பாருங்கள். வட்டின் கம்பி இன்னும் செருகியபடியே இருந்தால் முறையாகக் கழற்றி, ஓர் உறையில் போட்டு, மேல்மாடி அலமாரியில் வையுங்கள். அடுத்த வாரம் அதைத் தானாகக் கழற்றும் ஏற்பாட்டைப் பிள்ளையை உட்கார வைத்துச் சேர்ந்து செய்யுங்கள். அவர்களுக்கு நம்மைவிட விரைவாகக் கைவரும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நான் வெள்ளம் வந்த பிறகு போட்டவன். அந்தத் தாயிடம் “இருந்தது, அம்மா” என்று சொல்ல நேர்ந்த நிலை இன்னோர் ஆசிரியருக்கு வரக்கூடாது.